அரை ஆள், முழு முகம்

பாஸ்போர்ட்டுக்கென்று பெரியவர்கள் ஸ்டுடியோவுக்குப் போவது நம் நாட்டில் ஏறக்குறைய நின்றுவிட்டது. பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் 2010இலிருந்து வரத் தொடங்கிய பின், விண்ணப்பிக்கிறவரைக் கவுன்ட்டரில் உட்காரவைத்து அங்கேயே படம் பிடித்துக்கொள்கிறார்கள். நான்கு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் பழைய முறை நீடிக்கிறது. வெள்ளைப் பின்னணியில், 4.5 செ.மீ. உயரமும் 3.5 செ.மீ. அகலமுமாக அச்சிட்ட படத்தைப் பெற்றோர் கையோடு கொண்டுவர வேண்டும். ரேஷன் கடை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லா விண்ணப்பத்திலும் 'பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு' என்று கேட்டுக் கேட்டு, பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் அந்த அளவு பழகிப்போயிற்று. அந்த அளவுப் படத்தை மெய்யாகவே பாஸ்போர்ட்டுக்காக எடுத்துக்கொள்ள ஸ்டுடியோ படியேறும் கடைசி வாடிக்கையாளர் கழுத்து நிற்காத பச்சைப்பிள்ளைதான்.

சூரியநெல்லி போன்ற ஒரு மலையூரில் வைத்துப் பார்க்கும்போது இந்தச் சிறு படத்தின் கனம் கூடுகிறது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பஞ்சாயத்தில், கேரள எல்லைக்குள் இருக்கும் ஊர் இது. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பேச்சு தமிழ். மேலே தெரிகிற கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் அதற்கு ஜீப் ஏறும் பாதை சூரியநெல்லியில்தான் தொடங்குகிறது. எந்த மாநிலம், எது சொந்த ஊர், யாருடைய ஆள் என்ற கேள்விகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் இந்த மலைத்தொடரின் தோட்டத் தமிழர்கள். அவர்கள் வரலாற்றில் குழந்தை என்பது நெடுங்காலம் இன்னொருவர் கணக்கில் ஒரு பாதியாகவோ, ஒரு வரியாகவோ, ஓர் ஒட்டாகவோதான் பதிவாகி வந்தது. அதைப் பாதியாக்காமல், தன் முகத்தோடு தனியே நிறுத்திய தாள் பாஸ்போர்ட். ஆளை அடையாளம் காட்ட அவ்வளவாக உதவாத அந்தப் படத்துக்கு அடையாளத்தைவிடப் பெரிய பொருள் உண்டு என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது.

1877ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி பூஞ்சாறு அரச குடும்பம் இந்தத் தொடரில் உள்ள கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற பிரிட்டிஷ்காரருக்கு எழுதிக் கொடுத்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் சிங்கோனா, காப்பி என்று முயன்று பார்த்துக் கடைசியில் தேயிலையில் வந்து நின்றார்கள். வேலைக்கு ஆள் கீழ்நாட்டிலிருந்து வந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் கங்காணி முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்தார். போடிநாயக்கனூர் வழியாக மலையேறினார்கள். தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஏறிய பெயர்கள் வேலைக்கு உடல் கொடுத்தவர்களின் பெயர்கள். இடுப்பில் இருந்த குழந்தை குடும்பத்தோடு வந்தது, முன்பணக் கடனின் நிழலிலும் வளர்ந்தது; ஏட்டில் அதற்கு இடமில்லை. இதே மக்களின் உறவினர்கள் இலங்கைக்குப் போனபோது, 1901 முதல், எழுத்தும் எண்ணும் பொறித்த தகர டிக்கெட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பொறிப்பு அவர்கள் போகவேண்டிய தோட்டத்தைச் சொன்னது; ஆளின் பெயரையோ முகத்தையோ சொல்லவில்லை.

குழந்தையைப் பாதியாக எண்ணும் வழக்கம் அந்தக் காலத்து நிர்வாகத்தின் பழக்கம் என்றே சொல்லலாம். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் இடம் பிரிக்கும்போது பத்து வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளை ஓர் ஆளாகக் கணக்கிட்டார்கள். பின்னாளில் ரேஷன் வந்தபோது பெரியவருக்கு ஒரு யூனிட், குழந்தைக்கு அரை யூனிட். அரிசி அளக்கவும் பாய் விரிக்கவும் அந்தக் கணக்கு நியாயமானதாக இருக்கலாம். குழந்தையைப் பற்றி அரசிடமும் தோட்டத்திடமும் இருந்த கணக்கே அது ஒன்றுதான் என்பதில்தான் சிக்கல். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பல நன்மைகளைச் செய்தது. ஐம்பது பெண் தொழிலாளர் உள்ள தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் வேண்டும் என்று சொன்னது அதுதான். ஆனால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, பெரியவர் ஆகாத தொழிலாளி வேலை செய்யும்போது மருத்துவத் தகுதிச் சான்றின் குறிப்புள்ள ஒரு டோக்கனை உடன் வைத்திருக்க வேண்டும் என்றது. அன்றைய சட்டம் பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளையை வேலைக்கு விட்டது. ஆக, மலையில் பிறந்த பிள்ளை தன் உடம்போடு சுமக்கும்படி சட்டம் வைத்த முதல் அடையாளம், அது கொழுந்து பறிக்கத் தகுந்தது என்று சொல்லும் டோக்கன்.

பிறப்பைப் பதிவதிலும் தோட்டத்துக்குத் தனி வழி. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும், மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 9ஆம் பிரிவில் தோட்டத்தை மட்டும் பிரித்தெடுத்தார்கள். தேயிலை, காப்பி, மிளகு, ரப்பர், ஏலம், சிங்கோனா விளையும் நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தில் ஒரு பிறப்போ இறப்போ நேர்ந்தால், அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை தோட்டக் கண்காணிப்பாளருடையது. குடும்பத்தார் விவரத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். இதைக் கெட்ட எண்ணத்தோடு எழுதிய பிரிவாக நான் கருதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் தகப்பன், பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை இழந்து போய்வரும் தூரம், மழைக்காலப் பாதை இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே செய்திருப்பார்கள். ஆனாலும் விளைவு ஒன்றே: லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தது என்ற செய்தியை அரசுக்குச் சொல்கிறவர் துரை. பெயரில்லாமலும் அந்தப் பதிவு செல்லும். 14ஆம் பிரிவின்படி பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதிய வரி ஏட்டில் காத்திருக்க இடமுண்டு. பாஸ்போர்ட்டில் அதற்கு இடமில்லை. பெயர் வேண்டும், முகம் வேண்டும்.

இது வெறும் தாள் விவகாரம் என்று நினைப்பவர்கள் இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 1956. இந்த மலைப்பகுதியின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்தும், அவர்களில் பெரும்பகுதியினர் வந்து போகும் தோட்டத் தொழிலாளர் என்ற கருத்து மாநில மறுசீரமைப்புக் குழுவின் முடிவில் எடை பெற்றது. நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. இந்த மலை கேரளத்தில் தங்கியது. அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே வழக்காட வரவில்லை. 'வந்து போகிறவர்கள்' என்ற சொல்லுக்கு எதிராக லயங்களில் இருந்த சாட்சி, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அந்தச் சாட்சிகளுக்குத் தாளும் இல்லை, முகமும் இல்லை.

மற்றொன்று 1964. அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். இந்த எண்களை எழுதும்போதெல்லாம் உடன் வரும் ஒரு தொடர் உண்டு: 'இயற்கைப் பெருக்கத்தோடு'. ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு அந்த ஆவணம் வைத்த பெயர் அதுதான். அவர்கள் தலையெண்ணிக்கையில் இல்லை. பெற்றோர் எந்தப் பக்கம் விழுந்தார்களோ அந்தப் பக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களுக்கும் கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டத்துக்கும் போன குடும்பங்களுக்கு மறுவாழ்வு உதவி கேட்கக் கையில் இருந்தது குடும்ப அட்டை. தமிழரின் அண்மைக்கால வரலாற்றில் இத்தனை பேர் எல்லை கடந்த நிகழ்வுகள் குறைவு. அதன் பெயரேட்டில் கைக்குழந்தை தன் பெயரில் வந்தவராக இல்லை, பெருக்கமாக இருக்கிறது.

பாஸ்போர்ட்டும் தொடக்கத்தில் இதே புத்தியோடுதான் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் உளவாளிகள் மீதிருந்த பயத்தில் பிரிட்டன் பாஸ்போர்ட்டில் படத்தைக் கட்டாயமாக்கியது. 1920இல் பாரிஸில் உலக நாடுகள் சங்கத்தின் மாநாடு கூடிப் புத்தக வடிவப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு பொது மாதிரியை வகுத்தது. அதைப் பின்பற்றிய பிரிட்டிஷ் இந்தியப் பாஸ்போர்ட்டில் உரியவருக்கு ஒரு படம், மனைவிக்கு ஒரு படம், கீழே குழந்தைகளின் பெயர், வயது, பால் எழுத ஒரு சிறு கட்டம். மனைவி கணவன் புத்தகத்தில் ஒரு படமாகவும், பிள்ளைகள் ஒரு பட்டியலாகவும் பயணம் செய்தார்கள். சுதந்திர இந்தியா வெகுகாலம் இந்த அமைப்பையே வைத்திருந்தது. 1967 ஏப்ரலில் வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது; அப்போதும் குழந்தையின் பெயரைப் பெற்றோர் புத்தகத்தில் எழுத முடிந்தது. ஒருவருக்கு ஒரு பாஸ்போர்ட் என்ற நெறியைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வலியுறுத்திய பின் நாடுகள் ஒவ்வொன்றாக மாறின. பிரிட்டன் 1998 அக்டோபரில் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜூனோடு பெற்றோர் புத்தகத்தில் எழுதிய பெயர் செல்லாததாயிற்று. இந்தியாவிலும் பிறந்த குழந்தைக்கே தனிப் புத்தகம் என்றாகிவிட்டது.

அப்படி ஆனதும் ஸ்டுடியோக்காரருக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. நம் வீடுகளில் குழந்தையைப் படமெடுக்க ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. பிள்ளை குப்புற விழுந்து தலை தூக்கியதும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போய், துணியில்லாமல் கவிழ்த்துப் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டோடு எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவோம். அது வீட்டுச் சுவருக்கான படம். அதில் பிள்ளை சிரிக்கலாம், கிலுகிலுப்பையைப் பிடிக்கலாம். பாஸ்போர்ட் படத்தில் இவை எதுவும் கூடாது. பொம்மை கூடாது, இன்னொருவர் கை தெரியக் கூடாது, நிழல் விழக் கூடாது, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கண் திறந்திருக்க வேண்டாம் என்று பிரிட்டன் விலக்கு அளிக்கிறது. அந்தப் பரிவை எல்லா நாடுகளும் காட்டுவதில்லை. உட்காரத் தெரியாத பிள்ளையை வெள்ளைத் துணியில் மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பது ஒரு வழி. தாய் தன்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு, அதற்குள்ளிருந்து பிள்ளையின் முதுகைத் தாங்கிப் பிடிப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்கு நூற்றைம்பது ஆண்டுப் பழமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேமராவுக்குப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், இங்கிலாந்தில் தாயை நாற்காலி உறைபோலத் துணியால் மூடி, அவள் மடியில் குழந்தையை இருத்திப் படமெடுத்தார்கள். அன்று அதற்குக் காரணம் வேதியியல், இன்று காரணம் விதி. இரண்டிலும் தாய் மறைந்தால்தான் பிள்ளை தனியாள். மைப்பொட்டையும் அந்த நேரத்துக்குத் துடைத்தெடுக்கிறார்கள். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய பாட்டிமார் இருந்த சமூகத்தில், கண்ணேறுக்கு வைத்த காப்பைக் கழற்றிவிட்டு அரசின் பார்வைக்குப் பிள்ளையை நீட்டுவது சின்ன விஷயமில்லை. வெளியே வந்ததும் பொட்டு திரும்பவும் கன்னத்துக்கு ஏறிவிடும்.

இதற்கெதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, எல்லோருக்கும் தோன்றுவது: மூன்று மாதப் பிள்ளையின் முகம் ஆறாம் மாதத்தில் இருக்காது. இந்தியாவில் சிறார் பாஸ்போர்ட் ஐந்தாண்டு செல்லும். பள்ளிக்குப் போகிற வயதில் நிற்கும் பிள்ளையைத் தொட்டில் படத்தோடு ஒப்பிட்டு எந்த அதிகாரி என்ன கண்டுகொள்வார்? இந்த வாதம் சரியே; அடையாளச் சான்றாக அந்தப் படம் பலவீனமானது. ஆனால் பழைய பட்டியல் முறையோடு வைத்துப் பாருங்கள். பெயரும் வயதும் மட்டும் இருந்த கட்டத்தில், ஏறக்குறைய அதே வயதுள்ள எந்தப் பிள்ளையையும் ஒருவர் தம் பிள்ளை என்று அழைத்துப் போக முடிந்தது. தனிப் புத்தகம் வந்ததோடு, அதைப் பெற இருவரின் ஒப்புதலும் வேண்டியதாயிற்று. தாயும் தகப்பனும் இணைப்பு 'டி'யில் கையெழுத்திட வேண்டும், ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் அதற்கு வேறொரு உறுதிமொழி உண்டு. 2016 டிசம்பரிலிருந்து தாயின் பெயர் மட்டும் இருந்தாலும் போதும் என்றாகிவிட்டதால், தகப்பன் விட்டுப்போன பிள்ளைக்கும் வழி பிறந்தது. ஒரு பிள்ளையை எல்லைக்கு அப்பால் கொண்டுபோவது பெரியவர் ஒருவரின் விருப்பம் மட்டும் ஆகாது என்ற ஏற்பாட்டுக்கு அந்தத் தனிப் புத்தகம் அடித்தளம்; அந்தப் புத்தகம் இந்தப் பிள்ளைக்கே உரியது என்று கட்டிப்போடும் முடிச்சு படம். முடிச்சு இளகும், அதற்காக முடிச்சே வேண்டாம் என்று சொல்ல முடியாது. முகம் மாறிய பிள்ளைக்குக் கட்டணமின்றிப் படத்தை மாற்றித் தருவது அரசு செய்யக்கூடிய காரியம், செய்ய வேண்டியதும்கூட.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழமானது. உழைப்பவர் முகத்தை அரசு படமெடுத்த வரலாறு இனிய வரலாறு அல்ல. மொரீஷியஸில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தொழிலாளிகளின் சீட்டில் படத்தைக் கட்டாயமாக்கியது, தோட்டத்தை விட்டு விலகியவனைச் சாலையில் மடக்கிப் பிடிப்பதற்காக. அந்தப் படங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. இன்று சில்லு பதித்த பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. பிறந்த பிள்ளையின் முகத்தையும் தரவாக்கிச் சேர்ப்பதை உரிமை என்று எப்படிக் கொண்டாடுவது? இந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. தரவைக் காக்கும் சட்டம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மொரீஷியஸ் சீட்டுக்கும் இதற்கும் திசை வேறு. அந்தச் சீட்டு ஆளைத் தோட்டத்துக்குள் நிறுத்தியது. தகர டிக்கெட் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தது. டோக்கன் வேலையில் நிறுத்தியது. மலையின் தாள்களில் வெளியே போகலாம் என்று சொல்வது பாஸ்போர்ட் ஒன்றுதான். கடைசியாக, ஆதார் இருக்கிறதே என்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான நீல நிற ஆதாரிலும் படம் உண்டு. ஆனால் அதில் கைரேகையோ கருவிழியோ எடுப்பதில்லை, பெற்றோரின் ஆதாரோடு இணைத்தே கொடுக்கிறார்கள். குடியுரிமைக்கு அது சான்று ஆகாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே சொல்கிறது. அங்கும் பிள்ளை ஓர் ஒட்டுதான்.

தனிப் புத்தகம் என்ற மாற்றம் பிள்ளைகள் மீதிருந்த கரிசனத்தால் வரவில்லை, இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டில் ஒருவரின் விவரத்துக்கு மேல் இடமில்லாததும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். உண்மைதான். கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளுக்கு 2015 நவம்பர் 24ஆம் தேதியைக் கெடுவாக வைத்ததும் இயந்திரத்துக்காகத்தான். காரணம் சிறிதாக இருந்து விளைவு பெரிதாவது வரலாற்றில் புதிதில்லை. 1969 சட்டத்தின் 9ஆம் பிரிவு நல்லெண்ணத்தில் பிறந்து பிள்ளையைத் துரையின் ஏட்டுக்குக் கொண்டுபோனது. இயந்திரத்தின் வசதிக்குப் பிறந்த விதி பிள்ளையை எல்லார் ஏட்டிலிருந்தும் வெளியே எடுத்துத் தனியே வைத்தது. 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் பெறப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்குச் சான்று என்றாகியிருப்பதால், தோட்டத்தில் நடக்கும் பிறப்பைப் பிழையின்றி, பெயரோடு, காலத்தில் பதிவது முன்னைவிட அவசரமாகிவிட்டது.

இடுக்கி மாவட்டம் கொச்சிப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. சூரியநெல்லியிலிருந்தோ சுற்றியுள்ள லயங்களிலிருந்தோ ஒரு பிள்ளைக்காக அங்கே விண்ணப்பிக்கப் போகும் தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோவில் ஒரு தாளில் பல பிரதிகள் அச்சிட்டுத் தருவார்கள். விண்ணப்பத்துக்குப் போனது போக மிஞ்சும். அதில் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எஸ்டேட், டிவிஷன், லயத்தின் எண், படம் எடுத்த நாள் எல்லாவற்றையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதிப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பாட்டனும் பூட்டியும் இந்த மலையேறி வந்தபோது இடுப்பில் இருந்த பிள்ளைகளின் முகம் எந்த ஏட்டிலும் இல்லை.